கரண்ட் போன வீட்டுக்குக் கைகொடுக்கும் கார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அவ்வளவு நேரத்துக்கு எந்த வீட்டு இன்வெர்ட்டரும் தாங்காது. உங்கள் வாசலில் மின்சார கார் நின்றால், அடுத்த புயலுக்கு அது கைகொடுக்குமா? கொடுக்கும். ஆனால் எல்லாக் காராலும் முடியாது. முடிகிற காரையும் எப்படி இணைப்பது என்று தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும்.

எந்தக் காரில் முடியும்? 'வி2எல்' (காரின் பேட்டரியிலிருந்து வெளிக் கருவிகளுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி) இருக்கிற காரில். டாடா நெக்ஸான் இவியில் 2023 செப்டம்பரில் வந்த புதுப்பித்த மாடலிலிருந்து இந்த வசதி வந்தது. ஹூண்டாய் அயோனிக் 5, பிஒய்டி அட்டோ 3 ஆகியவற்றிலும் உண்டு. ஒரே காரில்கூட வேரியண்டுக்கு வேரியண்ட் மாறலாம் என்பதால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சார்ஜ் ஏற்றும் அதே இடத்தில் ஓர் அடாப்டரைச் செருகினால், மறுமுனையில் வீட்டில் இருப்பது போன்ற பிளக் பாயிண்ட் கிடைக்கும்.

எத்தனை நாள் ஓடும்? வீடுகளில் பரவலாக இருக்கும் 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான். காரில் 45 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக 30 சதவீதத்தை விட்டுவைத்து, மாற்றும்போது வீணாவதையும் கழித்தால், சுமார் 27 யூனிட் கைக்கு வரும். ஃப்ரிட்ஜ், மூன்று ஃபேன், ஐந்து எல்இடி விளக்கு, வைஃபை, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து நாளைக்கு ஏறக்குறைய 5 யூனிட். ஆக, ஐந்து நாள் ஓட்டலாம். ராத்திரி முழுக்க ஏசி போட்டால் இரண்டு நாள்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடலாமா? கூடாது. இந்த கார்கள் ஒரு நேரத்தில் தருவது சுமார் 3,300 வாட். கீசர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கார் தானாகவே கரண்டை நிறுத்திவிடும். தண்ணீர் மோட்டாரில் கவனம் தேவை. ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அரை எச்பி மோட்டார் பெரும்பாலும் ஓடிவிடும். அதற்கு மேல் போனால் சந்தேகம்தான்.

இப்போது மிக முக்கியமான விஷயம். காரிலிருந்து ஒயர் இழுத்து சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க லைட் எரியுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பிளக் முள் வைத்த ஒயரில், ஒரு முனையைக் கழற்றியதும் உங்கள் கையிலேயே 230 வோல்ட் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போன கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியரின் உயிர் அதில் போகும். சப்ளை திரும்பி வந்தால் காரின் கருவிகளும் கருகும்.

பிறகு எப்படித்தான் இணைப்பது? நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃப்ரிட்ஜையும் டேபிள் ஃபேனையும் நேராகச் செருகுங்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். சுருளாகக் கிடந்தால் சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். வீட்டு ஒயரிங்குக்கே கரண்ட் வேண்டுமென்றால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (கம்பி லைனை முழுக்கத் துண்டித்த பிறகே வேறு கரண்டை உள்ளே விடும் சுவிட்ச்) வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். பல கார்களின் வி2எல் கரண்டுக்கு வீட்டு எர்த்தோடு தொடர்பு இருக்காது. அதனால் ஷாக் அடித்தால் காப்பாற்றும் வீட்டு டிரிப்பர் வேலை செய்யாமல் போகலாம். இதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, 2012-இல் நிஸான் தன் லீஃப் காரிலிருந்து வீடு முழுவதற்கும் கரண்ட் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கும் நடுவில் அதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது.

பேட்டரி கெட்டுப்போகாதா? வண்டி ஓடும்போது இழுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஃபேனும் ஃப்ரிட்ஜும் இழுப்பது மிகக் கொஞ்சம். வருஷத்துக்குச் சில நாள் எடுப்பதால் பெரிய பாதிப்பு வராது. வாரண்டியில் இதற்கு வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கையேட்டில் பாருங்கள். கரண்ட் எடுப்பதை எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் பல கார்களில் நாமே வைத்துவிடலாம்.

புயல் அறிவிப்பு வந்த அன்றே 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள். அடாப்டரைக் காரிலேயே வையுங்கள், ஒருமுறை போட்டும் பாருங்கள். அடுக்குமாடியின் பேஸ்மெண்ட்டில் நிறுத்துகிறவர்கள் மழைக்கு முன்பே வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் சூழ்ந்த காரிலிருந்து ஒரு யூனிட்கூட எடுக்கக் கூடாது.