பறித்த இலையும் மூச்சு விடும்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மட்டிப்பழமும் மல்லியிலையும் வாங்கி, பையோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டே நாளில் மல்லி மஞ்சளாகிவிட்டதே, ஏன்?"

அவர் ஊர்த் துறைமுகத்தில் மீன்மேல் ஐஸ் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, குளிரில் வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் மீன் செத்தது. மல்லியிலை பறித்த பிறகும் உயிரோடிருக்கிறது. மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்தச் செலவு ஏறக்குறையப் பாதியாகும். 0 டிகிரியில், காற்றில் ஈரமும் இருந்தால், மல்லி மூன்று வாரம்வரைகூடப் பச்சையாக நிற்கும். மணம் மட்டும் முன்பே மங்கத் தொடங்கும்.

பின்னே ஏன் மஞ்சள்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழம்தான் காரணம். பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. இதன் கதை வேடிக்கையானது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தெருவிளக்கு எரிக்க நிலக்கரி வாயுவைக் குழாயில் கொண்டுபோனார்கள். குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தப்பி இலை உதிர்த்தன. அந்த வாயுவில் கலந்திருக்கும் எத்திலீனே செடிகளைப் பாதிக்கிறது என்று 1901-இல் ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்துக் காட்டினார். பழங்களே அதை உண்டாக்குகின்றன என்று 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் நிறுவினார். அன்று தெருமரங்களை மொட்டையடித்த வாயுதான் இன்று மல்லியை வெளுக்க வைக்கிறது. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உதிர்க்கிறது.

ஆகவே பழத்தைத் தனியே வையுங்கள். மல்லியில் அழுகிய இலைகளைக் களைந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைக்கலாம். முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையில் வியர்த்து அழுகும். புதினாவின் தண்டை டம்ளர் தண்ணீரில் நிறுத்தலாம். திருநீற்றுப்பச்சிலைக்குக் குளிரே ஆகாது, ஃபிரிட்ஜில் கருத்துவிடும். அதை வெளியிலேயே தண்ணீரில் வையுங்கள்.

கறிவேப்பிலைக்கு இத்தனை பாடு தேவையே இல்லை. கிணற்றடியில் தானாக வளர்ந்த மரத்தை வெட்டி, முற்றமெல்லாம் சிமென்ட் பூசிவிட்டு, வாடிய இலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடைக்காரர் கொசுறாகப் போட்டால் அலட்சியமாக ஒதுக்குகிறோம். மரத்தில் நிற்கும் இலைக்குத் துணியும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். இந்த மழைக்கு ஒரு கன்று நட்டுவிடுங்கள்; இடமில்லாதவர்கள் தொட்டியிலாவது வையுங்கள்.