5 கிலோவைத் தூக்க 35 கிலோ விசை

முழங்கையை மடக்கி, 5 கிலோ அரிசிப் பையை உள்ளங்கையில் ஏந்தி நில்லுங்கள். மேற்கையில் புடைத்து நிற்கும் பைசெப்ஸ் தசை எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது? 5 கிலோ என்றுதான் சொல்லத் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய 35 கிலோ.

அந்தத் தசை எங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். அதன் தசைநாண் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி முன்கை எலும்பைப் பற்றியிருக்கிறது. பையோ 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. கடப்பாரையால் பாறையை நெம்பும்போது நீள முனையை நாம் பிடித்துக்கொள்வதால் சிறு பலத்தில் பெரும் பாரம் அசைகிறது. உடம்பு இதைத் தலைகீழாகச் செய்கிறது. குட்டை முனையில் தசை, நெட்டை முனையில் பாரம். இத்தாலியரான ஜியோவானி போரெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல், அவர் இறந்த பிறகு 1680-81இல் ரோமில் வெளிவந்தது.

பார்த்தால் நஷ்டக் கணக்குதான். ஆனால் தசையால் ஓரளவுதான் சுருங்க முடியும். அது 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை 7 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். பறையடிப்பவரின் குச்சி அத்தனை வேகத்தில் துள்ளுவதற்கும் இந்த அமைப்புதான் துணை. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது என்பதால், மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று மூட்டைச் சுற்றித் தசைகள் எதிரெதிராக நிற்கின்றன.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது எலும்பு. தசை 35 கிலோ அளவுக்கு மேலே இழுக்க, பை 5 கிலோ கீழே இழுக்க, மிச்சமுள்ள 30 கிலோ முழங்கை மூட்டில் அழுந்துகிறது. இடுப்பில் சுமை இன்னும் அதிகம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். உடல் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அவையும் மூட்டுக்கு மிக அருகிலேயே ஒட்டியிருப்பவை. அதனால் 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்பு மூட்டில், சாதாரண நடையில்கூட, எடையைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 150 கிலோ அழுத்தம் விழுகிறது.

இத்தனை பாரத்தைத் தாங்கும் தொடையெலும்பின் தலைப்பகுதி உள்ளே கெட்டியாக இருக்கும் என்று நினைப்போம். நெடுக்காக வெட்டிப் பார்த்தால் மெல்லிய எலும்பு இழைகளின் பின்னல்தான் தெரிகிறது. 1860களில் சூரிச்சில் உடற்கூறியலாளர் ஹெர்மன் வான் மேயர் காட்டிய இந்த இழைகளைப் பார்த்த பொறியாளர் கார்ல் குல்மன் வியந்துபோனார். பாரந்தூக்கியில் விசை எந்தக் கோடுகளில் ஓடும் என்று அவர் வரைந்துவந்த படம் போலவே அவை வளைந்திருந்தன. எலும்பு, தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வூல்ஃப் 1892இல் எழுதினார். அவருடைய கணிதத்தில் பிற்காலத்தவர் குறை கண்டார்கள். அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

எலும்பு உயிருள்ளது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பழைய எலும்பை அரித்தெடுக்கச் சில செல்கள், புதிதாகக் கட்டச் சில செல்கள், எங்கே அழுத்தம் விழுகிறது என்று உள்ளிருந்தே உணர்ந்து சொல்லச் சில செல்கள். வளர்ந்தவர் உடம்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றதைவிடத் தடித்திருக்கிறது. பாரமே இல்லாத விண்வெளியிலோ, இடுப்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பு அடர்த்தி குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். கால்சியமும் வெயிலும் தேவைதான். ஆனால் கட்டு என்ற கட்டளை அசைவிலிருந்தும் பாரத்திலிருந்தும் வருகிறது. வயதானவர்களை ‘சும்மா உட்காருங்கள்’ என்று அன்போடு முடக்கிவைப்பது அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

இடுப்பு மூட்டு வலியால் ஊன்றுகோல் பிடிப்பவர்கள் பலர் அதை வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள். அது தவறு. எதிர்க்கை அந்த மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், அங்கே சில கிலோ அழுத்தி ஊன்றினாலே அதைப்போல் பல மடங்கு அளவுக்குத் தசையின் இழுப்பு குறைந்து மூட்டின் பாரம் இறங்கும். வலது இடுப்பில் வலி என்றால் கோலை இடது கையில் பிடியுங்கள். கடைக்குப் போய்வரும் பையை வலது கையில் தூக்குங்கள். வீட்டில் கோல் ஊன்றி நடக்கும் பெரியவர்கள் இருந்தால், எந்தக் கையில் பிடித்திருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.