பயணிகளும் வாசகர்களும் – 9
காஞ்சியோடு திரும்பியவர்

உண்மைச் சாகசப் பயணங்களைத் திரட்டிய தொகுப்பு எதைப் புரட்டினாலும், சீனப் பிக்கு யுவான் சுவாங் பேரில் இரண்டு காட்சிகள் இருக்கும். பாலைவனத்தில் தோல்பைத் தண்ணீர் கைதவறிக் கொட்டிப்போக, நான்கு இரவும் ஐந்து பகலும் நா வறண்டு கிடந்தது ஒன்று. கங்கையில் படகை மறித்த கொள்ளையர், ஆள் லட்சணமாக இருக்கிறாரே என்று துர்க்கைக்குப் பலியிடப் பிடித்துப்போனதும், சூறைக்காற்று வந்து காப்பாற்றியதும் மற்றொன்று. வாசகர்களும் இவற்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தைத் தொகுப்பாளர்கள் எடுப்பதில்லை. இங்கே அவரை யாரும் துரத்தவில்லை, எதுவும் கொட்டவில்லை. எனக்கோ அவருடைய பயணத்தில் மிகவும் பிடித்த இடம் காஞ்சிதான்.

கி.பி. 640 வாக்கில் வந்தார். இங்கிருந்து கடல் தாண்டி இலங்கைக்குப் போவது திட்டம். மூன்று நாள் கப்பல் பயணம். அந்த நேரம் பார்த்து அங்கிருந்து முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ராஜா இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், நாங்களே பிழைத்து வந்திருக்கிறோம் என்றார்கள். யுவான் சுவாங் விடவில்லை. யோக சாத்திரத்தில் தமக்கிருந்த சந்தேகங்களை அவர்களிடம் கேட்டுப் பார்த்தார். நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரரிடம் கேட்டதற்கு மேல் அவர்களிடம் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பிவிட்டார்.

இவ்வளவும் அவர் எழுதிய நூலில் இல்லை. சீடர் ஹுவி லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 646இல் தாங் பேரரசர் தைசோங்குக்காக எழுதி முடித்த 12 பகுதிகள் கொண்ட நூலில், போகாத இலங்கைக்கும் கேள்விப்பட்டதை வைத்தே விரிவான பகுதி உண்டு. சிங்கம் இளவரசியைத் தூக்கிப்போன கதைகூட அதில் வருகிறது. ஆகவே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குத்தான் இவர் எங்கே கண்டு எழுதினார், எங்கே கேட்டு எழுதினார் என்பது பிடிபடும்.

19ஆம் நூற்றாண்டில் ஜூலியன் பிரெஞ்சிலும் பீல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்த பிறகு யுவான் சுவாங்கின் நூலுக்குக் கிடைத்த வாசகர்கள் சாமானியர்கள் அல்லர். தொல்லியல் துறையின் கன்னிங்காம் இதைக் கையேடாகவே வைத்துக்கொண்டு, ‘லீ’ என்ற சீனத் தூரக் கணக்கைத் திசை பார்த்து அளந்து பழைய நகரங்களைத் தேடினார். ஆரல் ஸ்டைன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1907இல் துன்ஹுவாங் குகையைக் காவல் காத்த துறவி வாங்கிடம், நானும் அந்த மகானின் அடியொற்றி வந்தவன்தான் என்று சொல்லியே சுவடிகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போனார். ஒரு பயண நூலைப் படித்து இவ்வளவு ஆதாயம் அடைந்த வாசகர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சந்தேகக்காரர்களுக்கும் குறைவில்லை. கப்பலேறுவதற்குக் காஞ்சி கடற்கரை ஊரா என்ன, அவர் சொல்வது நாகப்பட்டினமாக இருக்கும் என்று ஒரு கட்சி கிளம்பியது. இலங்கைக்குப் போகும் வழியின் வாசல் என்றுதான் மூலத்தில் பொருள் என்று பீல் சமாதானம் சொன்னார். நூறு மடங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று அவர் தரும் கணக்கையும் பலர் நம்பவில்லை. பத்தாயிரத்தை நானும் தலை எண்ணிய கணக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மடங்கள் இருந்ததற்குப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே சாட்சி. அவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ காஞ்சித் தெருவில் பௌத்த பிக்குவையும் காபாலிகனையும் மண்டையோட்டுக்காக மல்லுக்கு நிற்க வைக்கும் நாடகம். ஊரில் பிக்குகளைத் தினம் பார்க்காத ஜனங்களுக்கு அதில் என்ன சிரிப்பு வரும்? 1915இல் து.அ. கோபிநாத ராவ் காஞ்சியில் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த நின்ற கோலப் புத்தர் இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

உள்ளூர் வாசகரின் மனத்தாங்கல் வேறு. மண் வளமானது, வெயில் அதிகம், ஜனங்கள் தைரியசாலிகள், வாக்குத் தவறாதவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று நம்மைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுகிறார். ஆண்டுகொண்டிருந்த பல்லவன் மாமல்லன் பெயரை மட்டும் எழுதவில்லை. இங்கிருந்து வடக்கே போய் மகாராஷ்டிரத்தில் அவன் எதிரி புலிகேசியைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார்! ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்கு இது ஆறுமா? பட்டு விளைந்த நாட்டிலிருந்து வந்தவர் காஞ்சியில் தறியைப் பற்றியும் மூச்சு விடவில்லை. அதனால் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்காரர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு மடமும் சுவடியும்தான் பட்டன.

காஞ்சியில் பிறந்த பௌத்த ஆசிரியர் தர்மபாலர் கதையை மட்டும் ஆசையோடு எழுதுகிறார். மந்திரி மகன், ராஜா தன் பெண்ணைக் கொடுக்க நாள் குறித்துவிட்டார். முதல்நாள் இரவு பையன் புத்தர் சிலை முன் அழுதான். ஒரு தேவதை வந்து பல காதம் தள்ளி மலை மடத்தில் கொண்டுபோய் விட்டது. இதைப் பொய் என்று வெட்டிவிட்டுப் பதிப்பிக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போன மகனைப் பற்றி இந்த ஊர் என்ன பேசிக்கொண்டது என்பது நமக்கு வேறு எங்கே கிடைக்கும்?

நீலகண்ட சாஸ்திரி 1939இல், மெகஸ்தனிஸ் முதல் மா ஹுவான் வரை தென்னாட்டைப் பற்றி எழுதிய அயலாரை ஒரே நூலாகத் தொகுத்தார். அதில் வரும் இபன் பட்டூட்டா அடுத்த வாரம். யுவான் சுவாங்கை ஊருக்குள் வரவேற்க உறவென்று யாரும் இல்லை; பட்டூட்டாவோ மதுரை சுல்தானுக்குச் சகலை.

(தொடரும்)