தானோஸ் போட்ட கணக்கு



உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வோர்’ படத்தைக் கூட்டாளி வீட்டில் பார்த்துவிட்டு வருகிறான். இரவுச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்கிறான்: “வாப்பா, அந்தத் தானோஸ் சொன்னதில என்ன பிழை? சனம் கூடினா சாப்பாடு காணாதுதானே. பாதிப் பேர் இல்லாமப் போனா மிச்சப் பேராவது நல்லா இருப்பாங்கதானே?”

என்ன பதில் சொல்வீர்கள்? “அவன் கெட்டவன், பேசாமச் சாப்பிடு” என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் தானோஸ் நல்லவன் என்று பிள்ளை சொல்லவில்லை. கொடிய காரியம் ஒன்றைச் செய்து பெரிய நன்மை ஒன்றைக் கொண்டுவர முடியாதா என்றுதான் கேட்கிறான். அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கேள்வி, சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு மரியாதையாகப் பதில் சொல்வதுதான் முறை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தானோஸ் டைட்டன் என்ற கிரகத்தைச் சேர்ந்தவன். அங்கே சனத்தொகை பெருகி வளம் குன்றியபோது, ஏழை பணக்காரன் என்ற பேதமின்றிச் சீட்டுக் குலுக்குவது போலப் பாதிப் பேரைக் கொன்றுவிடலாம் என்று யோசனை சொன்னான். பைத்தியக்காரன் என்றார்கள். கிரகம் அழிந்தது. அன்றிலிருந்து பிரபஞ்சம் முழுவதற்கும் அதே மருந்தைக் கொடுப்பதென்று கிளம்புகிறான். ஆறு மந்திரக் கற்களைச் சேர்க்கிறான். கடைசியில் விரலைச் சொடுக்குகிறான். உயிர்களில் பாதி தூசியாகிப் பறந்துவிடுகிறது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தானோஸ் சினிமாவுக்காகப் பிறந்தவனல்ல. ஜிம் ஸ்டார்லின் என்ற சித்திரக்கதைக் கலைஞர் 1973இலேயே அவனைப் படைத்துவிட்டார். 1991இல் வந்த சித்திரக்கதையிலும் அவன் இதே போலப் பாதி உயிர்களை அழிக்கிறான். ஆனால் காரணம் வேறு. மரணம் அங்கே ஒரு பெண் உருவில் வருகிறாள். அவளை மகிழ்விக்கத்தான் இத்தனை கொலையும். அதைப் படித்த எவரும் அவன் பக்கம் நியாயம் இருக்குமோ என்று யோசித்திருக்க மாட்டார்கள். படமெடுத்தவர்கள் அந்தப் பைத்தியக் காதலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘பொதுநலம்’ என்பதை வைத்தார்கள். செத்தவர் தொகை மாறவில்லை. கொன்றவனின் விளக்கம்தான் மாறியது. நம் பிள்ளை மயங்கியது அந்த விளக்கத்தில்தான்.

சரி, கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 2022இல் உலக சனத்தொகை 800 கோடியை எட்டியது. அதில் பாதி 400 கோடி. உலகில் 400 கோடிப் பேர் இருந்தது எப்போது தெரியுமா? 1974இல். அதாவது நாற்பத்தெட்டு வருடங்களில் பாதி இரட்டிப்பாகிவிட்டது. தானோஸ் எண்ணிலடங்காத உயிர்களைக் கொன்று வாங்கிக் கொடுத்தது ஒரு வாப்பாவின் வாலிபத்துக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான். அதற்குப் பிறகு மறுபடியும் சொடுக்க வேண்டுமா? அதுமட்டுமல்ல, எல்லா உயிர்களிலும் பாதி என்றால் ஆடு மாடுகளிலும் பாதி போயிருக்க வேண்டும். வயலில் இறங்குபவர்களிலும் பாதி போய்விட்டார்கள். பிறகு ஆளுக்குரிய பங்கு எங்கே கூடப் போகிறது?

உண்மையில் சனத்தொகை வளர்ச்சி வேகம் குறைந்து வருகிறது. 1950களில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் அளவில் இருந்தது, இன்று இரண்டே கால் அளவுக்கு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் சாகாமல் பிழைத்தன. பெரும்பாலும் இவைதான் காரணம். யாரும் விரல் சொடுக்கவில்லை.

இந்தக் கணக்கு தானோஸின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. சனத்தொகை பெருகும் வேகத்துக்கு உணவு ஈடுகொடுக்காது என்று 1798இல் நூல் எழுதியவர் தொமஸ் மல்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பின்னர் அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே படித்தவர் சாள்ஸ் ட்ரெவெலியன். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து பஞ்சம் வந்தபோது, லண்டனில் திறைசேரியில் இருந்து நிவாரணத்தை நிர்வகித்தவர் அவர். பஞ்சத்தை இறைவன் அனுப்பிய சீர்திருத்தமாகவே அவர் பார்த்தார். நிவாரணம் அளந்து, இறுக்கி, தாமதித்துக் கொடுக்கப்பட்டது. அந்த நாட்களிலும் அயர்லாந்தின் துறைமுகங்களில் இருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டார்கள். அதைவிடக் கூடுதலானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ட்ரெவெலியனுக்கு 1848இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. 1859இல் மதராஸ் ஆளுநராகவும் வந்து சேர்ந்தார்.

அயர்லாந்தின் சனத்தொகை 1841இல் 82 இலட்சம் அளவில் இருந்தது. 1911இல் 44 இலட்சம். ஏறத்தாழப் பாதி! தானோஸின் மருந்தை உண்மையாகவே குடித்த நாடு ஒன்று இருக்குமானால் அது இதுதான். மிஞ்சியவர்கள் செழித்தார்களா? 1950களிலும் அயர்லாந்தின் இளைஞர்கள் வேலை தேடி இலட்சக்கணக்கில் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1347இல் ஐரோப்பாவுக்குள் நுழைந்த கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மக்களைக் கொண்டுபோனது. வேலைக்கு ஆள் கிடைக்காததால் இங்கிலாந்தில் கூலி ஏறியது. 1351இல் அரசாங்கம் கூலியைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. ஆகவே பேரழிவுக்குப் பின் சிலருக்கு நன்மை விளைந்தது உண்மை. ஆனால் அந்த நோயை எவரும் திட்டமிட்டு அனுப்பவில்லை. அழிவுக்குப் பின் நன்மை முளைக்கலாம் என்பது ஒரு பேச்சு. நன்மை முளைக்கும் என்று சொல்லி ஒருவன் அழிவை உண்டாக்கலாம் என்பது முற்றிலும் வேறு பேச்சு.

கெட்டிக்காரப் பிள்ளையானால் இந்த இடத்தில் இன்னொன்றையும் கேட்பான். “அப்படியெண்டா ஹிழ்ர் (அலை) அவர்கள் ஒரு சிறுவனைக் கொன்றாங்கதானே?” ஸூரத்துல் கஹ்ஃபை ஓதித் தந்த வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்கான பதில் அந்தச் சம்பவத்தின் முடிவிலேயே இருக்கிறது. தாம் எதையும் சுயமாகச் செய்யவில்லை என்று ஹிழ்ர் (அலை) அவர்கள் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். மறைவானவற்றை அறிந்தவனின் கட்டளை அது. மூஸா (அலை) அவர்களோ கண்ணால் கண்டதும் தட்டிக் கேட்டார்கள், தாம் வாக்குக் கொடுத்திருந்தும் கேட்டார்கள். நமக்கு வஹீ வருவதில்லை. நாளை என்ன நடக்கும் என்பது தானோஸுக்கும் தெரியாது. தெரிந்தவன் போல் பேசுகிறான், அவ்வளவுதான்.

அப்படிப் பேசுபவனின் கையில்தான் படத்தில் காலமும் வெளியும் யதார்த்தமும் கட்டுப்படும் கற்கள் இருக்கின்றன. யதார்த்தத்தையே மாற்ற வல்லவன் உணவை இரட்டிப்பாக்கியிருக்கலாமே! எனக்குப் படுவது இதுதான்: அவனுக்குப் பசி தீருவது முக்கியமல்ல. டைட்டனில் தன்னைப் பைத்தியம் என்றவர்கள் பிழை, தான் சரி என்று நிரூபிப்பதே முக்கியம்.

கமோரா என்ற பெண் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய ஊராரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சுட்டுத் தள்ளும்போது, அவள் அதைத் திரும்பிப் பார்க்காதபடி கையில் அழகான கத்தி ஒன்றைக் கொடுத்து விளையாட்டுக் காட்டுகிறான். பின்னர் மகளாக வளர்க்கிறான். அந்தக் கிரகத்துப் பிள்ளைகள் இப்போது வயிறாரச் சாப்பிடுவதாக அவளிடமே பெருமையாகச் சொல்கிறான். அந்தப் பிள்ளைகளைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. அவன் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. ஒரு கல்லைப் பெற, தான் நேசிக்கும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும்போது, அழுதுகொண்டே அவளை மலை உச்சியில் இருந்து தள்ளிவிடுகிறான். பெரிய விலை கொடுத்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு. கீழே விழுந்தது யார்?

2019இல் வந்த இரண்டாம் பாகத்தையும் உங்கள் மகன் கட்டாயம் பார்ப்பான். முடிந்தால் கூட இருந்து பாருங்கள். மிஞ்சியவர்கள் தனக்கு நன்றி சொல்லவில்லை, இழந்தவர்களை மறக்கவும் இல்லை என்று தானோஸ் அறியும் கட்டம் ஒன்று வரும். அப்போது அவன் எடுக்கும் முடிவு என்ன தெரியுமா? இம்முறை பாதியல்ல, பிரபஞ்சம் முழுவதையும் அழித்துவிட்டு, பழையது எதையும் அறியாத, தனக்கு நன்றியுள்ள புதிய பிரபஞ்சம் ஒன்றைப் படைப்பது. அந்த இடத்தில் படத்தைச் சற்று நிறுத்துங்கள். “மிச்சப் பேராவது நல்லா இருக்கட்டும் எண்டு சொன்னானே மகன், அந்த மிச்சப் பேர் இப்ப எங்க?” என்று கேளுங்கள். பதிலை அவனே சொல்லட்டும்.