பதினைந்து பெயர்கள், ஒரே ஒரு குறி

2009 ஏப்ரல் 7, மலேசியாவின் புக்கிட் செலம்பாவ் சட்டமன்ற இடைத்தேர்தல். வாக்குச்சீட்டில் மேலிருந்து கீழாக 15 பெயர்கள். பிகேஆர் கட்சி சார்பில் எஸ். மணிகுமார், தேசிய முன்னணிக் கூட்டணி சார்பில் ம.இ.கா. கட்சியின் எஸ். கணேசன், மற்ற 13 பேரும் சுயேச்சைகள். போடவேண்டியதோ ஒரே ஒரு குறி. மனத்துக்குப் பிடித்த சுயேச்சைக்குப் போடுவதா, ஜெயிக்கக்கூடிய இருவரில் ஒருவருக்குப் போடுவதா? தோட்டத்திலும் தாமான் குடியிருப்பிலும் ஓட்டுப் போடுகிற எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. மணிகுமார் வென்றார்.

அறிஞர்கள் இதை ஆட்டக் கோட்பாடு என்கிறார்கள். 1970களில் அது தாளும் பென்சிலுமாக நடந்த கணிதம். மூவர் முதல் எத்தனை பேர் போட்டியிட்டாலும், ஒரே ஒருவரின் விருப்பமே முடிவாகிவிடாத எந்த வாக்குமுறையிலும், மனத்திலுள்ளதை மறைத்து ஓட்டளிப்பது சில சமயம் லாபம் தரும் என்று 1973இல் கிப்பார்டும் 1975இல் சாட்டர்த்வைட்டும் நிறுவினார்கள். தந்திரத்துக்கு வழி உண்டு என்பதோடு அந்தத் தேற்றம் நின்றுவிடுகிறது. அந்த வழியை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது கேட்கவில்லை.

இந்தத் துறையில் அன்றே தமிழர்கள் இருந்தார்கள். தி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் இருவர் ஆட்டங்களைப் பற்றி 1971இல் நூல் எழுதினார்கள். 1981இல் அவர்கள் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கட்டத்துக்குக் கட்டம் நிலை மாறிக்கொண்டே போகும் ஆட்டங்களில், கொடுத்த எண்களெல்லாம் சாதாரணப் பின்னங்களாக இருந்தாலும் விடை பின்னமாக வராமல் போகலாம். நிலை மாற்றம் ஒரே ஆட்டக்காரர் கையில் இருந்தால் விடையும் பின்னமாகவே வரும் என்று இருவரும் காட்டினார்கள். அதாவது, துல்லியமான விடையை எட்டிப்பிடிக்கலாம். விடையைக் கணக்கிட முடியுமா என்ற இந்தக் கேள்வியைத்தான் கணினி அறிவியலும் பின்னாளில் எடுத்துக்கொண்டது.

1989இல் பார்தோல்டி, டோவி, டிரிக் மூவரும் வாக்குமுறை பற்றிய கேள்வியையே மாற்றினார்கள். வழி இருக்கட்டும், அதைக் கணக்கிடக் கணினியே திணறினால்? 15 பேரை விருப்ப வரிசையில் அடுக்க 1,307,674,368,000 விதங்கள் உண்டு. ஒரு வாக்குமுறையில் லாபமான வரிசையைத் தேடுவது மிகக் கடினம் என்று நிறுவினார்கள். நம்முடைய ஒற்றைக் குறி முறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டீ ஆறுவதற்குள் கணக்குப் போட்டுவிடலாம். கடினம் என்பதையும் முழுதாக நம்பமுடியாது. மோசமான சூழலில் கடினமானது வழக்கமான தேர்தலில் எளிதாகவே இருக்கலாம் என்று 2006இல் கோனிட்சரும் சாண்ட்ஹோமும் எச்சரித்தார்கள்.

இன்று இந்தியாவில், ஆட்டக் கோட்பாட்டையும் கணினியையும் இணைத்து ஒய். நரஹரி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வளர்த்த மரபு இருக்கிறது. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரா. ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியே சிறுவர்களுக்கும் கணிதம் கொண்டுசென்றவர். அவரும் சௌம்யா பாலும் 2010இல் எழுதிய கட்டுரை எங்கள் ஊருக்கே எழுதியதுபோல் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் ஏராளம். சிலர் கணக்குப் போட்டு ஆடுகிறார்கள். பெரும்பகுதியினர் அவர்களைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். நாளடைவில் எந்த வகையினர் தாக்குப்பிடிப்பார்கள் என்பதற்கு அவர்கள் தந்தது வெறும் அபிப்பிராயமல்ல, படிப்படியாகக் கணக்கிடும் முறை. பக்கத்து வீட்டு அண்ணன் யாருக்குப் போடுகிறார் என்று கேட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போகிறவரும் இப்போது அந்த ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டார்.