உயர்கல்விச் செலவும் மலேசியத் தமிழ்க் குடும்பமும்: ஒரு நோக்கு

முன்னுரை

கல்வி அழியாச் செல்வம் என்னும் நம்பிக்கை தமிழரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அந்நம்பிக்கையை ஐயுறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், அச்செல்வத்தைப் பெறுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை உயர்ந்துவரும் இக்காலத்தில், 'இவ்வளவு செலவிட்டுப் படிக்கத்தான் வேண்டுமா?' என்னும் வினா, எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் எழுகின்றது. அவ்வினாவோடு பெற்றோர் பலர் முதலில் நாடுவது தம் பிள்ளைக்குக் கற்பித்த ஆசிரியரையே. ஆகவே, இதற்குத் தெளிவான விடை காணும் கடமை நமக்கு உண்டு.

இவ்வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ பொதுவான ஒரு விடை கூற இயலாது என்பது நம் கருத்து. ஒத்த தகுதியுடைய பட்டம் ஒரு வழியில் சில ஆயிரம் ரிங்கிட்டிலும், மற்றொரு வழியில் பல்லாயிரம் ரிங்கிட்டிலும் கிடைக்கும் நாடு இது. எனவே, பட்டம் பயனுடையதா என்று மட்டும் கேட்பது போதாது. அஃது எவ்வழியில், யாருடைய பணத்தைக் கொண்டு பெறப்படுகிறது, எதிர்பார்த்த பயன் கிட்டாதபோது இழப்பைத் தாங்குவோர் யார் என்பனவற்றையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். இவற்றை மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் சூழலில் வைத்து ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

செலவைத் தாங்கியோர்

1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டுமென்று தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வாயிலாகப் பெருமுயற்சி மேற்கொண்டதும், துறையின் தமிழ் நூல்களுக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டதும் நாம் நன்கறிந்த வரலாறு. பல்கலைக்கழக வாயிலை மிதித்திராத எளிய மக்களும் அந்நிதிக்குப் பொருளுதவினர். தம் பிள்ளை அங்குப் படிப்பானா என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. உயர்கல்வியின் செலவு ஒரு சமூகத்தின் பொதுச்சுமையாகக் கருதப்பட்ட காலம் அது.

அதன்பின் அச்சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. ஆயினும், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, பொதுப் பல்கலைக்கழக இடங்கள் இன ஒதுக்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. இடம் கிடைக்காத மாணவருள் வசதி படைத்தோர் வெளிநாடு சென்றனர். மருத்துவம் பயில இந்தியா சென்றோர் பலர். வசதி அற்றோர் இடைநிலைக் கல்வியோடு நின்றனர். 2002ஆம் ஆண்டு ஒதுக்கீட்டு முறைக்கு மாற்றாகத் தகுதி அடிப்படையிலான தேர்வுமுறை அறிவிக்கப்பட்டது. எனினும், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் என இருவேறு தகுதிகளை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பற்றிய வாதம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

இச்சூழலில் இரு சட்டங்கள் திருப்புமுனையாக அமைந்தன. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டம் தனியார் கல்லூரிகள் பெருக வழிவகுத்தது. 1997ஆம் ஆண்டு சட்டத்தின்வழி அமைந்த தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., அக்கல்லூரிகளில் சேரும் மாணவருக்கும் கடன் வழங்கத் தொடங்கியது. முன்பு 'இடம் இல்லை' என்று அடைபட்டிருந்த கதவு, 'பணம் இருந்தால் இடம் உண்டு' என்று திறந்தது. இதனால் நம் மாணவர் பல்லாயிரவர் பட்டம் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், முன்னர்ச் சமூகமும் அரசும் தாங்கிய செலவு தனித்தனிக் குடும்பங்களின் தோள்மேல் இறங்கியது என்பதும் மறுக்கவியலா உண்மையாகும்.

இரு வழிகள், இரு விலைகள்

எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் மாணவர்முன் உள்ள வழிகளை விலை நோக்கில் இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது, ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேசன் வழியாகப் பொதுப் பல்கலைக்கழகத்தை அடைவது. இவ்விரு படிப்புகளுக்கும் கட்டணம் மிகக் குறைவு. பின்னர்ப் பொதுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. இரண்டாவது, தனியார் கல்லூரியில் அடித்தளக் கல்வியோ டிப்ளோமாவோ பயின்று, அங்கேயே பட்டப்படிப்பைத் தொடர்வது. கலைத்துறைப் படிப்பாயினும் இவ்வழியில் மொத்தச் செலவு ஐம்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது இயல்பு.

மெட்ரிகுலேசனில் இந்திய மாணவருக்கான இடங்கள் 2012இல் 1,500 ஆகவும் 2018இல் 2,200 ஆகவும் உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இனவேறுபாடின்றி எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற அனைவருக்கும் இடம் உறுதி என 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், நடுத்தரத் தகுதியோடு நிற்கும் மாணவரே நம்மிடையே மிகுதி. அவர்களுக்கு ஆறாம் படிவமே செலவு குறைந்த உறுதியான வழி. 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளதால், ஒரே தேர்வில் எல்லாம் அடங்கியிருந்த பழைய அச்சத்துக்கும் இடமில்லை. தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கும் வாய்ப்பும் அங்கு உண்டு.

இருந்தும், நம் பெற்றோரும் மாணவரும் ஆறாம் படிவத்தைத் தயக்கத்தோடு நோக்குகின்றனர். 'கடினமானது', 'மறுபடியும் பள்ளிச் சீருடையா?', 'நண்பர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்' என்பன நாம் அடிக்கடி கேட்கும் காரணங்கள். தனியார் கல்லூரிகள் கல்விக் கண்காட்சி நடத்தி, விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து நிரப்பிக் கொடுக்கும்போது, அமைதியாக இருக்கும் அரசுப்பள்ளி கண்ணில் படாமற் போவது வியப்பன்று. பதினேழு வயதில், சில வாரக் கால இடைவெளியில் எடுக்கப்படும் இம்முடிவே அடுத்த இருபது ஆண்டுக்கால வரவு செலவைத் தீர்மானிக்கிறது என்பதை அப்போது எடுத்துரைப்போர் அரியர்.

கடனா, சேமநிதியா?

தனியார் வழியைத் தேர்ந்த குடும்பங்களின் முன் எழும் அடுத்த வினா, பணத்தை எங்கிருந்து பெறுவது என்பதாகும். 'பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது' என்று கருதும் பெற்றோர் பலர், ஊழியர் சேமநிதி வாரியத்திலுள்ள தம் சேமிப்பிலிருந்து கல்விக்கென அனுமதிக்கப்படும் தொகையை எடுக்கின்றனர். அன்பினால் செய்யப்படும் இச்செயலைக் கணக்கிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 48 வயதுடைய ஒரு தந்தை 20,000 ரிங்கிட்டைச் சேமநிதியிலிருந்து எடுக்கிறார். அவர் 60ஆம் வயதில் ஓய்வு பெறுவதாயின், அப்பணம் மேலும் 12 ஆண்டுகள் வளர்ந்திருக்கும். சேமநிதியின் வழக்கமுறைக் கணக்கிற்கு 2020 முதல் 2024 வரை அறிவிக்கப்பட்ட இலாப ஈவு 5.2 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. 5 விழுக்காடு என்று குறைத்தே கொண்டாலும், அத்தொகை 60ஆம் வயதில் ஏறத்தாழ 35,900 ரிங்கிட்டாகியிருக்கும்.

அதே 20,000 ரிங்கிட்டைப் பி.டி.பி.டி.என். கடனாக மகன் பெறுவதாகக் கொள்வோம். 2008ஆம் ஆண்டு அறிமுகமான முறையின்படி, தொடக்கக் கடன்தொகையின் மீது ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 10 ஆண்டுகளில் செலுத்தினால் கட்டணம் 2,000 ரிங்கிட். மொத்தம் 22,000 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 183 ரிங்கிட். குறைந்துவரும் நிலுவையின் மீது கணக்கிட்டாலும், இதன் உண்மையான வட்டிவிகிதம் 2 விழுக்காட்டை எட்டாது. ஆக, 5 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டும் பணத்தை எடுத்து, 2 விழுக்காட்டுக்கும் குறைவான கடனைத் தவிர்க்கிறோம். 'கடன் இல்லை' என்னும் பெருமைக்குக் குடும்பம் கொடுக்கும் விலை இது.

இதனினும் முக்கியமானது வேறொன்று உண்டு. மகனுக்கு உழைத்து ஈட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்ளன. தந்தைக்குப் பன்னிரண்டே உள்ளன. சேமிப்பு கரைந்த பெற்றோரை முதுமையில் தாங்க வேண்டியவனும் அம்மகனே. எனவே, சேமநிதியை எடுப்பதனால் பிள்ளையின் கடன் நீங்குவதில்லை; அது வேறு பெயரில், வேறு காலத்தில், கூடுதல் தொகையாக அவனிடமே திரும்புகிறது.

இதனால், கடன் வாங்குவது எந்நிலையிலும் நன்று என்று நாம் கூறவில்லை. கடனுதவி தனியார் கல்லூரியின் முழுக் கட்டணத்தையும் ஈடுசெய்வதில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் கல்வி நிலைய மாணவருக்கான கடன்தொகை குறைக்கப்பட்டபோது, அவ்விடைவெளி மேலும் விரிந்தது. முதல்நிலைப் பட்டம் பெறுவோருக்கு நிபந்தனைகளோடு கடன் விலக்கு உண்டெனினும், அதனை நம்பித் திட்டமிடுவது பொருந்தாது. அன்றியும், படிப்பை இடையில் நிறுத்தியோரும் கடனைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். பட்டமும் இன்றிக் கடனும் தீராத நிலையே உயர்கல்விச் செலவின் மிகக் கொடிய வடிவம்.

பட்டத்தின் பயன்

பட்டதாரிகளின் வருமானம் எஸ்.பி.எம். தகுதியோடு நின்றோரின் வருமானத்தைவிடப் பொதுவாக உயர்ந்தே உள்ளது. எனினும், பட்டம் பெற்ற உடனே அவ்வுயர்வு கிட்டுவதில்லை. டிப்ளோமா, பட்டம் பெற்று முதன்முதலாக வேலைக்குச் செல்வோரின் ஊதியம், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்க்கையில், 2018இல் 2010ஆம் ஆண்டு நிலையைவிடக் குறைந்திருந்ததை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆய்வு சுட்டிக்காட்டியது. வேலையிலுள்ள பட்டதாரிகளுள் மூவரில் ஒருவருக்கு மேல் தம் தகுதிக்குக் குறைந்த பணியில் உள்ளதைப் புள்ளிவிவரத் துறையின் தரவுகள் காட்டுகின்றன. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அவ்வூதியத்தை ஒட்டிய ஒரு பணியில் சேரும் பட்டதாரிக்கு, முற்சொன்ன 183 ரிங்கிட் தவணையே வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலாகிவிடுகிறது.

நம் சமூகத்தில் பெருமதிப்புப் பெற்ற மருத்துவப் படிப்பும் இதற்கு விலக்கன்று. தனியார் கல்வி நிலையங்களில் அதன் செலவு மூன்று இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது உண்டு. அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணி உறுதி என்னும் எதிர்பார்ப்பில் வீட்டை அடகு வைத்த குடும்பங்கள் உள்ளன. ஆனால், 2016 இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையிலேயே பணியமர்த்தப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நடத்திய வெளிநடப்பு, பட்டத்தின் விலைக்கும் பணியின் உறுதிக்கும் இடையே ஏற்பட்ட பிளவை நாடறியச் செய்தது.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

இந்நிலையில், நம்மை நாடி வரும் பெற்றோரிடம் நான்கு வினாக்களை நாம் எழுப்பலாம். முதலாவதாக, இதே துறையைப் பொதுப் பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பை முற்றாக முயன்று பார்த்தாயிற்றா? இரண்டாவதாக, அப்படிப்பு மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ.வின் முழு அங்கீகாரம் பெற்றதா, தற்காலிக அங்கீகாரம் மட்டும் பெற்றதா? மூன்றாவதாக, கட்டணம் மட்டுமன்றித் தங்குமிடம், உணவு, போக்குவரத்து உட்பட இறுதிப் பருவம் வரையிலான செலவு எழுதிக் கணக்கிடப்பட்டதா? நான்காவதாக, மாணவருக்கு அத்துறையில் உண்மையான நாட்டம் உண்டா? இந்நான்காம் வினாவே படிப்பை முடிக்கும் வாய்ப்பைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இவ்வினாக்களை ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுப்புவது காலங்கடந்த செயலாகும். நான்காம் படிவத்திலேயே, இயன்றால் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலேயே, தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறை விளக்கக் கூட்டம் நடத்தி இதற்குத் துணைநிற்கலாம். தொழிற்பயிற்சி வழியையும் 'படிப்பு வராதவர் செல்லுமிடம்' என்று தள்ளிவிடாமல், குறைந்த செலவில் தொழில்திறன் தரும் வழியாக அறிமுகப்படுத்துதல் நலம்.

முடிவுரை

உயர்கல்வி அதன் விலைக்குத் தக்கதா என்னும் வினாவுக்கு, 'தக்கதே. ஆனால் எந்த விலைக்கும் அன்று' என்பதே நம் விடை. செலவு குறைந்த வழியை முயன்று பார்த்து, அங்கீகாரம் பெற்ற படிப்பைத் தேர்ந்து, முடிக்கும் உறுதியோடு சேரும் மாணவருக்கு அளவான கடன் சுமையன்று. ஆராயாது சேர்ந்த படிப்புக்காகப் பெற்றோரின் முதுமைக்கால வாழ்வை விலையாகக் கொடுப்பதோ எவ்வகையானும் பொருந்தாது.

துறையொன்றின் நூல்களுக்காக எளியோரும் தம் வெள்ளிகளைத் தந்த சமூகம் நம்முடையது. இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்து நின்று இச்செலவைச் சுமக்கிறது. அச்செலவை நாம் பகிர்ந்துகொள்ள இயலாவிடினும், முடிவெடுக்கும் அந்தச் சில வாரங்களில் அக்குடும்பத்தோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்க நம்மால் இயலும். அதற்குச் செலவாவது நம் மாலைப்பொழுது ஒன்றே.