யாவா மொழியும் இளந்தலைமுறையும்

பழந்தமிழ் நூல்கள் சாவகம் என வழங்கிய யாவாத் தீவின் பெருமொழி யாவா மொழி. அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 8 கோடியினர். இத்துணைப் பெருந்தொகையினரின் மொழி தேய்கின்றது என்றால் நம்புவது அரிது. எனினும், சூரபாயா போன்ற நகரங்களிலே பெற்றோர் பலர் பிள்ளைகளோடு இந்தோனேசிய மொழியிலேயே உரையாடுகின்றனர். பிள்ளைகள் யாவா மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்வர். மறுமொழி மட்டும் இந்தோனேசிய மொழியில் வரும்.

தாய்மொழியை இகழ்வதே இதற்குக் காரணம் எனக் கொள்ளலாகாது. அச்சமும் ஒரு பெருங்காரணம். தமிழிலே 'வா', 'வாருங்கள்' என ஈறு மாறுவதோடு மரியாதை அமைந்துவிடும். யாவா மொழியிலோ சொல்லே வேறாகிவிடும். உறங்குதலை நண்பனிடம் கூறுங்கால் 'துரு'. பணிவாகப் பேசுங்கால் 'திலெம்'. பெரியோர் உறங்குவதைக் குறிக்க 'சாரே'. தான் உறங்கியதை ஒருவன் 'சாரே' என்பானாயின், தன்னைத் தானே உயர்த்திக்கொண்டவனாவான்! நண்பரிடையே வழங்கும் நடைக்கு ங்கோக்கோ என்றும், பணிவு நடைக்குக் கிரமா என்றும் பெயர். முன்னது விளையாட்டிடத்திலேயே வந்துவிடும். கிரமாவையோ வீட்டிலுள்ள மூத்தோர் திருத்தித் திருத்திப் பழக்கவேண்டும். அப்பழக்கம் குன்றியமையால், பாட்டனார் முன் நிற்கும் இளைஞன், மரியாதை தவறிப் பேசுவதிலும் இந்தோனேசிய மொழியில் பேசுதல் நன்று என ஒதுங்குகின்றான். மரியாதையைக் காக்கவே தாய்மொழியை விடுகின்றான் என்பது விந்தையே.

இந்தோனேசிய மொழியைக் குறைகூறுவதும் முறையன்று. 1928 ஆம் ஆண்டில் இளைஞர் மாநாடு, பெருந்தொகையினரின் யாவா மொழியை விடுத்து, துறைமுகந்தோறும் வழங்கிய மலாயை அப்பெயரால் ஒற்றுமை மொழியாக ஏற்றது. 1945 இன் அரசியலமைப்பு அதனை அரச மொழியாக்கிற்று. கல்வியும் உத்தியோகமும் அதன்வழியே வரலாயின.

பாடசாலைகளில் யாவா மொழியும் ஒரு பாடமாக உண்டு. பல்லவர் எழுத்தின் வழிவந்த அதன் பழைய எழுத்தையும் மாணவர் பயில்கின்றனர். ஆனால், வாரத்திற் சில பாடவேளைகளால் பரீட்சைப் புள்ளி வருமேயன்றிப் பேச்சு வாராது. 2020 இல் மறைந்த பாடகர் டிடி கெம்போட்டின் யாவா மொழிப் பாடல்களை இளைஞர் திரண்டு பாடினர். அவற்றால் ங்கோக்கோ வாழும். கிரமாவின் நிலை வேறு. திருமண மேடையில் அந்நடையிற் பேசுவதற்கென்றே பயின்றவரை அமர்த்துகின்றனர். அவர் கூறுவது முழுதும் விளங்காத மணமக்களும் உளர்.